வீட்டுக்காரரைத் தேடி வந்தவள்

சாயங்காலம் ஆறு மணிக்குள் வேதா தன் அப்பாவுக்குப் போன் செய்தாக வேண்டும். வீடு கிடைத்துவிட்டது, குடும்பம் இருக்கிற இடம், பயமில்லை என்று மூன்று நிமிஷத்துக்குள் சொல்லிவிட வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அன்றைக்கே பஸ் ஏறி மாயவரம் திரும்பி, வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்பாவுக்கும் மகளுக்கும் நடந்த ஒப்பந்தம் அது.

வேதாவுக்கு இருபத்தேழு வயது. மாயவரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஐந்து வருஷமாக ஆபரேட்டர். திருவண்ணாமலைக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது அப்பா அப்பாதுரைக்குக் கண் ஆபரேஷன் முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. பஸ்ஸில் குலுங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரை விட்டுவிட்டு அம்மாவும் வர முடியாது.

"தெரியாத ஊர்ல உனக்கு யாரைத் தெரியும்?" என்று கேட்டார் அப்பா.

"போனாத்தானேப்பா தெரியும்."

அப்படியானால் போய்த் தெரிந்துகொள் என்று ஆறு மணிக் கெடு வைத்தார்.

கூட வேலை பார்க்கிற சரோஜா முன்பு இரண்டு வருஷம் திருவண்ணாமலையில் இருந்தவள். செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துக்குப் பின்னால் ஒரு நல்ல வீடு இருக்கிறது என்று சொல்லி, பேர் நினைவில்லாவிட்டாலும் கதவு எண்ணைக் கொடுத்து அதன் சொந்தக்காரருக்கு வேதாவைக் கடிதம் போட வைத்தாள். தருகிறேன் என்று ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு வேதா போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு பெட்டியும் கைப்பையுமாக அவள் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கினாள்.

இறங்கியதுமே ஒருவன் கூட நடக்க ஆரம்பித்தான். நெற்றி நிறைய விபூதி, கையில் மடித்த பேப்பர்.

"ஒண்டியா வந்தீங்களா? ஆசிரமத்துக்கா? ரூமு வேணுமா? பேரு இன்னா சொன்னீங்க?"

அவள் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் இந்த மாதிரிக் குரல்கள் அவளுக்குப் பழக்கம். வேலையாகப் பேசுகிறவன் முதலில் நம்பரைச் சொல்வான். வேறு நினைப்பில் பேசுகிறவன், நீங்க புதுசா, பேர் என்ன என்று ஆரம்பிப்பான். கோபப்பட்டால் பேச்சு வளரும்; சிரித்தாலும் வளரும். தபால்காரர் தபால் கொடுப்பதைப் போல நிற்காமல் பதில் சொல்லிவிட வேண்டும்.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள்.

"எனக்கா? எனக்கு ஒண்ணும் வாணாம். உங்களுக்குத்தான்..."

"எனக்கும் ஒண்ணும் வேண்டாம்."

செங்கம் ரோட்டில் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி, கூடையோடு உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தாள். ஆசிரமத்து நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிப் பார்த்தால், பின் படி வழியாக அவனும் இறங்கிக்கொண்டிருந்தான்.

நடுரோட்டில் நின்று கடிதத்தைப் பிரித்து விலாசம் தேட அவளுக்கு மனசில்லை. சுற்றிலும் பார்த்தாள். எதிர்ப்பக்கத்து டீக்கடையில் அடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். வேதா நேராக உள்ளே போய், ரோட்டைப் பார்க்கிற பெஞ்சில் உட்கார்ந்து, பெட்டியைக் காலுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு டீங்க" என்றாள்.

அவன் வாசலில் வந்து நின்றான். "ஆதிலட்சுமிக்கா, அந்தம்மாவுக்கு நான்தான் ரூமு பாத்துக் குடுக்கறேன்."

கடைக்காரி ஆதிலட்சுமி தலை நிமிரவில்லை. ஐம்பது வயசிருக்கும். பாலை ஆற்றிக்கொண்டே, "அவங்க கேட்டாங்களா?" என்றாள்.

"கேப்பாங்க."

"கேட்டப்பறம் வா. டீ குடிக்கறதா இருந்தா உக்காரு. இல்லன்னா வெளிச்சத்த மறைக்காத. கண்ணாயிரம்னு பேரு வச்சாலும் வச்சாங்க, அத்தினி கண்ணும் பஸ் ஸ்டாண்டுலயே கெடக்கு."

கண்ணாயிரம் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அதில் அவனுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

"கெட்டவன் இல்லம்மா, ரூமு புரோக்கரு" என்றாள் ஆதிலட்சுமி. "ஆனா அவன் காட்டற ரூமுல கதவு இருந்தா தாழ்ப்பா இருக்காது. நீ யாரத் தேடி வந்த?"

"வீட்டுக்காரரைப் பாக்க வந்தேங்க."

அந்த வார்த்தையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பிறந்ததிலிருந்து வாடகை வீட்டில் வளர்ந்தவள் வேதா. அவள் வீட்டில் வீட்டுக்காரர் என்றால் ஓடு ஒழுகும்போது சொல்லி அனுப்ப வேண்டிய ராவுத்தர். அம்மா அப்பாவைப் பற்றிப் பேசும்போது 'உங்கப்பா' என்பாள். வேறு எதுவும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் ஆதிலட்சுமிக்கு வீட்டுக்காரர் என்றால் புருஷன். வீடு வாடகைக்கு விடுகிறவர் ஓனர். அதிலும் ஆசிரமத்து வாசலில் கடை வைத்திருப்பவளுக்கு, பெட்டியோடு தனியாக வந்து வீட்டுக்காரரைத் தேடுகிற பெண்கள் புதிதில்லை. வேலையும் வேண்டாம் வீடும் வேண்டாம் என்று மலையடிவாரத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிற ஆண்களைத் தேடி வருஷத்துக்கு இரண்டு மூன்று பேர் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஆதிலட்சுமியின் குரல் தணிந்தது. "இங்கதான் கீறாரா?"

"ஆசிரமத்துக்குப் பின்பக்கம்னு சொன்னாங்க."

"சேதி வந்து எத்தினி நாளாச்சு?"

"பதினஞ்சு நாள் ஆச்சு. முதல்ல சரி வான்னு எழுதியிருந்தார். அப்புறம் நான் ரெண்டு கடிதம் போட்டேன். பதிலே இல்ல."

"எப்பிடி எழுதுவான்" என்று முணுமுணுத்தாள் ஆதிலட்சுமி. "கொழந்தகுட்டி?"

எத்தனை பேர் குடி வருகிறார்கள் என்று கேட்கிறாளாக்கும் என்று வேதா நினைத்தாள். "இல்லைங்க, நான் மட்டும்தான்."

ஆதிலட்சுமி பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவைத்தாள். "அவரு பேரு..." என்று ஆரம்பித்தாள். கடிதத்தின் அடியில் போட்டிருந்த கையெழுத்து கோழி கிளறியதைப் போல இருக்கும். வேதாவால் அதுவரை படிக்க முடிந்ததில்லை. அவள் தயங்கிக் கைப்பையைத் திறப்பதற்குள் ஆதிலட்சுமி கையமர்த்தினாள்.

"வாணாம்மா. புருசன்... சரி, நீ எதுக்கு வாயால பேரச் சொல்லிகினு. எந்தூரு, அத்தச் சொல்லு."

டீ கிளாஸை வாங்குகிற அவசரத்தில் முதல் பாதி வேதாவின் காதில் விழவில்லை. "மாயவரங்க" என்றாள்.

ஆதிலட்சுமியின் கண்கள் விரிந்தன. பக்கத்து மெத்தைக்கடைப் பக்கம் திரும்பி, "குர்ஷித்து, செத்த வந்துட்டுப் போ" என்றாள். மெத்தைக்கடை பக்ருதீனின் மனைவி குர்ஷித் பேகம் சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். இருவரும் அடுப்புக்குப் பின்னால் கொஞ்ச நேரம் கிசுகிசுத்தார்கள். பிறகு ஆதிலட்சுமி அடுப்பை அணைத்தாள்.

"அந்தப் பக்கத்து ஆளு ஒருத்தரு மூணு மாசமா இங்க கீறாரு. வா, காட்றோம். ஒண்டியா போவாத."

பெண்கள் இரண்டு பேர் கூட வருகிறார்கள். பட்டப்பகல். தெருவில் நடமாட்டம் இருக்கிறது. வேதா மனசுக்குள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு கிளம்பினாள். பெட்டியைக் குர்ஷித் வாங்கிக்கொண்டாள். கைப்பையை வேதா தரவில்லை.

ஆசிரமத்தின் பின்பக்கத்துச் சந்தில் நடக்கும்போது குர்ஷித் பேச ஆரம்பித்தாள். "ஆம்பளைங்களுக்கு இந்த மலையப் பாத்தா என்னமோ ஆயிடுதும்மா. போன வருசம் சேலத்துலேந்து ஒரு பொண்ணு வந்தா. அவ புருசன் காவி கட்டிகினு புளிய மரத்தடியில கண்ண மூடிகினு உக்காந்திருந்தான். பக்கத்துல போயி, அடுப்புல கேஸ் தீந்துபோச்சுன்னு சொன்னா. பொசுக்குனு கண்ணத் தொறந்துட்டான்."

வேதாவின் நடை நின்றது. அந்த ஒரு நொடியில், கேட்ட கேள்விகளும் சொன்ன பதில்களும் வரிசையாக அவள் முன்னால் வந்து நின்றன. கடிதத்துக்குப் பதில் இல்லை. குழந்தை இல்லை. பேரைச் சொல்ல வேண்டாம்.

"அக்கா, நான் வந்து..." என்றாள்.

"நீ ஒண்ணும் பேசாத" என்றாள் குர்ஷித். "அவன் வரமாட்டேன்னு சொன்னாலும் அழாத. எங்க மாடி ரூமு காலியாத்தான் கீது. எத்தினி நாள் வேணா இரு. புருசன் வுட்டுட்டுப்போன பொண்ணுன்னா தெருவுல ஒருத்தனும் ஒரு வார்த்த சொல்லமாட்டான். கல்யாணம் ஆவாத பொண்ணுன்னாதான் ரோசன. முன்ன ஒரு டீச்சரம்மா இருந்தாங்க. அது வந்ததுலேந்து தெனம் நாலு சைக்கிளு எங்க வாசல்லயே செயின் கழண்டு நிக்கும். இனிமே கல்யாணம் ஆவாத பொண்ணுக்கு ரூமு இல்லன்னு எங்க பாய் சொல்லிட்டாரு."

வேதா வாயை மூடிக்கொண்டாள்.

குடும்பம் இருக்கிற வீடு. பார்த்துக்கொள்ள ஒரு பெண். கூப்பிடு தூரத்தில் இன்னொருத்தி. ஆறு மணிக்கு அப்பாவிடம் சொல்ல வேண்டியது எல்லாம் அங்கேயே இருந்தது. பொய்கூடச் சொல்ல வேண்டாம். பேசாமல் இருந்தால் போதும். மணி மூன்றே முக்கால். கடிதத்துக்குப் பதில் போடாத மனுஷர் வீடு தருவார் என்று அவளுக்கே நம்பிக்கை இல்லை. அவள் பேசாமல் நடந்தாள். அந்த ஐம்பது அடி நடந்ததை நினைத்துப் பிற்பாடு அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சந்தின் முனையில் ஒற்றை அறை வீடு ஒன்று. வாசலில் உட்கார்ந்து ஒருவன் நீளமான அளவு நாடாவில் ஒட்டியிருந்த சேற்றைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். நெஞ்சு வரைக்கும் தாடி.

"எழுந்திரு தம்பி. யாரு வந்திருக்காங்க பாரு" என்றாள் ஆதிலட்சுமி.

அவன் எழுந்தான். மூன்று பேரையும் பார்த்தான்.

"தெரியலியா?" என்றாள் குர்ஷித். "தாடி வளந்தா கண்ணும் அவிஞ்சிபூடுமா? கட்டனவள வுட்டுட்டு வந்து இங்க நாடாவா கழுவுற?"

அக்கம்பக்கத்து ஜன்னல்கள் இரண்டு திறந்தன. அவன் முகம் சிவந்துவிட்டது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. இருந்த இடத்திலிருந்து ஓர் அடி முன்னால் வரவும் இல்லை.

"என் பேரு காசிநாதன். கும்பகோணம். நிலத்தடி நீர் ஆபீசுல கிணத்துல தண்ணி எவ்வளவு இருக்குன்னு அளக்கிற வேலை. எனக்குக் கல்யாணம் ஆகலை. ஆனா நான் சொல்றத நீங்க நம்ப வேண்டாம். அவங்களையே கேளுங்க."

சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். வேதாவைப் பார்க்காமல் கையிலிருந்த நாடாவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இவர் இல்லை" என்றாள் வேதா.

"நல்லாப் பாரு. தாடி இல்லாம நெனச்சுப் பாரு" என்றாள் ஆதிலட்சுமி. "கும்மோணமும் மாயவரமும் ஒரே பக்கந்தான?"

"இல்லைங்க."

"சரி வுடு" என்றாள் குர்ஷித். "அடி அண்ணாமலை கிராமத்துல ஒரு தாடிக்காரன் கீறான். பாயோட தம்பிய அனுப்பி இட்டார சொல்றேன். சாமியார் மடத்துல ரெண்டு பேரு. எவனா இருந்தாலும் இன்னிக்கு வுடறதில்ல."

வேதாவுக்கு விளங்கிவிட்டது. ஊரில் தாடி வைத்த ஒவ்வொருவனையும் கூட்டிவந்து தன் முன்னால் நிறுத்தப்போகிறார்கள். அதையும் தாண்டிவிட்டாலும், இல்லாத புருஷனை எத்தனை மாசம் தேடுவது? யாராவது அனுதாபமாக விசாரிக்கும்போதெல்லாம் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது?

"அக்கா, நான் தேடறது வாடகைக்கு வீடு விடறவரை" என்றாள். "எங்க வீட்டுல அவரைத்தான் வீட்டுக்காரர்னு சொல்வோம். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை."

ஆசிரமத்து மயில் ஒன்று எங்கோ அகவியது. காசிநாதன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே கழுவிய நாடாவை மறுபடி கழுவ ஆரம்பித்தான். சிரிப்பில் அவன் தோள்கள் குலுங்கின.

"ஓனரா?" என்றாள் ஆதிலட்சுமி. "அடிப்பாவி, ஓனருன்னு சொல்றதுக்கு என்னா? கொழந்தையும் இல்ல, நான் மட்டுந்தான்னு நீ சொன்னதக் கேட்டுத்தான் நல்லா கொதிச்ச பால எறக்கி வச்சுட்டு வந்தேன்." பிறகு அவளும் சிரித்துவிட்டாள்.

குர்ஷித் சிரிக்கவில்லை. "நடுவுல நின்னியே, அப்பவே உனக்குப் புரிஞ்சுபோச்சு இல்ல?"

"புரிஞ்சுது. சொல்லத்தான் வந்தேன். நீங்க மாடி ரூம்னு சொன்னதும் வாய் வரலை. ஆறு மணிக்குள்ள எங்கப்பாகிட்ட வீடு கிடைச்சுதுன்னு சொல்லணும். இல்லைன்னா வேலையை விட்டுட்டு ஊருக்குப் போயிடணும்."

குர்ஷித் பெட்டியைக் கீழே வைத்தாள். வேதா கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து ஆதிலட்சுமியிடம் கொடுத்தாள். எழுதப் படிக்கத் தெரியாத ஆதிலட்சுமி அதைக் காசிநாதனிடம் நீட்டினாள். அவன் விலாசத்தைப் பார்த்ததுமே, "இது அடுத்த சந்து கோடி வீடு" என்றான். "பத்து நாளா அதுல வெள்ளைக்காரங்க நாலு பேர் இருக்காங்க. அதான் பதில் போடலை போலிருக்கு." கடிதத்தை மடித்து ஆதிலட்சுமியிடமே திருப்பிக் கொடுத்தான். "நான் கூட வந்து வேற வீடு காட்டலாம். ஆனா இப்ப ஜன்னல்ல நிக்கறவங்க எல்லாரும் பாத்திருக்காங்க. நான் வந்தா அவங்களுக்குத்தான் கெட்ட பேரு. நீங்களே ஏதாவது செய்யுங்கக்கா."

குர்ஷித் அவனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். "வா. எங்க வூட்டுக்காரரக் கேக்கணும்."

"எந்த வீட்டுக்காரர்?" வேதாவுக்கு வாய் தவறி வந்துவிட்டது.

"ரெண்டும் அவரேதான்" என்று சொன்ன குர்ஷித்துக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. சந்து முடியும் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

மெத்தைக்கடையில் பக்ருதீன் தலையிலும் புருவத்திலும் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார். குர்ஷித் பாதி சொல்ல, ஆதிலட்சுமி பாதி சொல்ல, முழுவதையும் கேட்டுவிட்டு வேதாவைப் பார்த்தார்.

"பேசாம இருந்திருந்தா ரூமு கெடச்சிருக்கும் இல்லம்மா?"

"கிடைச்சிருக்கும்."

"அப்பறம் ஏன் சொன்ன?"

"இல்லைன்னா ஊர்ல இருக்கிற தாடிக்காரங்க எல்லாரையும் பிடிச்சுட்டு வந்திருப்பாங்க பாய்."

பக்ருதீன் தன் தாடியை மெதுவாகத் தடவிக்கொண்டார். "நல்ல வேள" என்றார்.

ஆதிலட்சுமி பெஞ்சைத் தட்டிச் சிரித்தாள்.

"டீச்சரம்மா போனப்ப நான் சொன்னது சொன்னதுதான்" என்று அவர் ஆரம்பித்ததும் ஆதிலட்சுமியின் சிரிப்பு நின்றது. குர்ஷித் அவரைப் பார்த்த பார்வையில் அவர் கொஞ்சம் நிதானித்தார். "ஆனா அந்த சைக்கிள்காரனுங்க பண்ணதுக்கு அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்? அத்த அப்பறமா ரோசிச்சேன். சரி. டூட்டி எப்ப போற எப்ப வரன்னு குர்ஷித்துகிட்ட சொல்லிடணும். நேரம் ஜாஸ்தியாச்சுன்னா நான் வந்து இட்டாருவேன். வாசல்ல எவனுக்கு செயின் கழண்டாலும் நானே மாட்டி வுடறேன். ஆனா ஒண்ணு. உங்கப்பா சரின்னு சொல்லணும். அவருகிட்ட பேசாம சாவி தரமாட்டேன்."

கடையிலேயே போன் இருந்தது. வேதா ட்ரங்க் கால் பதிவு செய்தபோது உள்ளூர் ஆபரேட்டர், "நாளைக்குச் சேரப்போற மாயவரத்துக்காரங்களா?" என்று கேட்டு, வரிசையில் அவளை முன்னால் தள்ளிவிட்டாள். ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மணி அடித்தது. மறுமுனையில் மாயவரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து சரோஜாவின் குரல். தெருமுனை மருந்துக்கடையில் காத்திருந்த அப்பாவுக்கு அவள் இணைப்புக் கொடுத்தாள்.

"கிடைச்சுதா?" என்றார் அப்பா.

"சரோஜா சொன்ன வீடு இல்லப்பா. வேற. பக்ருதீன்னு ஒருத்தர், மெத்தைக்கடை வச்சிருக்கார். அவங்க வீட்டு மாடி. அவரும் அவங்க வீட்டம்மாவும் கீழே இருக்காங்க."

"அவங்களை உனக்கு யார் மூலமாத் தெரியும்?"

"டீக்கடை ஆதிலட்சுமி அக்கா மூலமா."

"அந்த அம்மாவை எப்போலேர்ந்து தெரியும்?"

சரோஜா சொல்லி அனுப்பினாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேதா மூச்சை இழுத்துக்கொண்டு, கண்ணாயிரத்திலிருந்து காசிநாதன் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டுக்காரர் என்ற இடத்தில் அப்பா ம் கொட்டுவதை நிறுத்தினார். தாடியில்லாமல் நினைத்துப் பார்க்கச் சொன்ன இடத்தில் போனுக்குள் ஒரு கரகரப்பு கேட்டது. லைன் கெட்டுவிட்டது என்று அவள் பயந்தாள். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்கக்கூடாது, கண்ணுக்கு ஆகாது" என்று பின்னால் அம்மாவின் குரல் கேட்டது.

குர்ஷித் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அண்ணே, நான் குர்ஷித் பேகம். பொண்ண நாங்க பாத்துக்கறோம்னு வாயால சொன்னா நீங்க எப்பிடி நம்புவீங்க? கண்ணு சரியானதும் வந்து பாருங்க. நாலு நாளு தங்குங்க. புடிக்கலன்னா இட்டுகினு போங்க. அதுவரைக்கும் தெனம் ஒருவாட்டி உங்களுக்குப் போன் பண்ணச் சொல்றேன். அதுக்குத்தான ஆபீசே கீது."

மறுமுனையில் அப்பா என்ன சொன்னாரோ, குர்ஷித் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். "ஆமாண்ணே. சேத்துத்தான் சமைப்பேன். மீன் கொழம்பு சாப்பிடும் இல்ல? அது போதும்." பிறகு போனை வேதாவிடம் கொடுத்தாள்.

"நாளைக்குப் போய் டூட்டில சேரு" என்றார் அப்பா.

"சரிப்பா."

"அந்தத் தாடிக்காரத் தம்பி எந்த ஊர்னு சொன்னே?"

"கும்பகோணம்ப்பா."

"கும்பகோணத்துல எங்க?"

வேதா பதில் சொல்வதற்குள், "மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டிச்சாச்சு, பேசுங்க" என்று இடையில் ஒரு குரல் வந்தது.

"சரோஜா, நீ லைன்லயா இருந்தே?"

லைனில் யாரோ சிரிப்பை அடக்குவது மட்டும் கேட்டது.

"எங்கன்னு நான் கேக்கலைப்பா" என்றாள் வேதா.

"கேக்காதே. நீயா கேக்க வேண்டாம். கண்ணு சரியாகட்டும், நானே வந்து கேட்டுக்கறேன்."

அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்ருதீன் கையில் சாவி இருந்தது.

"என்னா சொன்னாரு?" என்றாள் ஆதிலட்சுமி.

"நாளைக்கு டூட்டில சேரச் சொன்னார்" என்றாள் வேதா. மற்றதை அவள் சொல்லவில்லை.